அவர் வாங்கின வெள்ளி மெடல்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

டிரங்குப் பெட்டியின் அடியில், துணியில் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளி வில்லை இருந்தது. கறுத்துப் போய், மேலே ஏதோ இங்கிலீஷ் எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் வேலையாக வெளியூர் போயிருந்தார். மகனுக்கு ஒரு வயசு நிறையப் போகிறது, இடுப்பு வெறுமையாக இருக்கிறதே என்று அதை ஆசாரியிடம் கொடுத்து, உருக்கி, அரைஞாண்கொடி செய்துவிட்டேன். வந்தவர் பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினார். வெறும் துணியை மடித்து வைத்து மூடினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு உலகச் சண்டைக்கும் நடுவில், ஈட்டி எறிவதில் மாகாணத்திலேயே முதல் ஆளாக வந்து அவர் வாங்கின மெடல் அது, அந்தப் பந்தயத்தில் முதல் பரிசே வெள்ளிதான் என்று பிற்பாடு அவர் சிநேகிதர் சொல்லித்தான் தெரிந்தது. தொலைந்ததாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்று நாற்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

தொண்ணூற்று மூன்றோ நாலோ, அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் மகனோடு நாங்கள் இருந்தபோது, அவனுக்கு கிரீன் கார்டு வந்ததென்று ஆபீஸ் பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பின்பக்கத் தோட்டத்தில் இலை வாருகிற கம்பை எடுத்து எங்கள் வீட்டுக்காரர் ஈட்டி மாதிரி தோளுக்கு மேலே பிடித்தார். எண்பது வயசிலும் கை நடுங்கவில்லை.

"அங்கிள், வேலி தாண்டிச்சுன்னா பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிட்டுடுவான்" என்றான் ஒருத்தன். "நிஜமாவே சாம்பியனா? மெடலைக் காட்டுங்க, நம்பறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். மகன், "இருந்தா காட்டுங்கப்பா, நானே பார்த்ததில்லையே" என்றான்.

இவர் கம்பைக் கீழே வைத்தார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி வீடு மாத்தினோம்ல, அப்ப எங்கியோ போச்சுப்பா."

ஊரில் நாங்கள் வீடே மாற்றியதில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே வீடுதான். தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவர் என்றைக்கோ தெரிந்துகொண்டிருக்கிறார். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்தப் பனிக்காலத்திலேயே போய்விட்டார்.

பேப்பரில் போட மகன் நாலு வரி எழுதினான். "எந்த வருஷம்மா? எவ்வளவு தூரம் எறிஞ்சார்?" என்று கேட்டான். தெரியாது என்றேன். ஈட்டி எறிந்ததைச் சொன்ன வரியை அடித்துவிட்டான்.

பழைய பந்தயப் பதிவேடுகள் பார்க்க முடிகிறவர்கள் யாராவது அந்த வருஷத்தையும் தூரத்தையும் தேடிப் பார்த்து எழுதி அனுப்புங்கள். அந்தக் காகிதத்தோடு போனால், மகனிடம் மீதியையும் சொல்ல எனக்கு வாய் வரும்.