அண்ணன் முகத்தின் அளவு

மதினி கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே காற்றில் நிறுத்தினாள். “நடுவுல டேப்ப வச்சு அளந்துக்கோ புள்ள. கைய அசைக்க மாட்டேன்” என்றாள். அங்கே ஒரு முகம் இருப்பதுபோல அவள் விரல்கள் லேசாக வளைந்திருந்தன. யார் முகம் என்று நான் கேட்கவில்லை. என் அண்ணன் முகம்தான். அந்த அளவுக்கே மாஸ்க் தைக்க அட்டை வெட்டினோம்.

அண்ணன் படகுத்துறை கட்டும் காண்ட்ராக்ட் வேலைக்காக நிக்கோபாருக்குக் கப்பலேறிப் போனவன். சுனாமிக்குப் பிறகு அவனும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவன் இறந்துவிட்டான் என்று எழுதிய காகிதத்தில் மதினி கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருஷமாகப் போட மறுத்தாள். அவன் செத்துப்போய்விட்டான், ஒத்துக்கொள் என்று அவளோடு நான் போடாத சண்டையில்லை. அவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

அப்போதுதான் பன்றிக் காய்ச்சல் பயம் வந்தது. மெயின்லேண்ட் கப்பலில் காய்ச்சலும் வந்து இறங்கும் என்று போர்ட் பிளேரே நடுங்கியது. கடைகளில் மாஸ்க் கிடைக்கவில்லை. மரைன் ஹில்லில் எங்கள் வீட்டு முன்னறையில் காட்டன் துணியை நான் வெட்ட, மதினி தைத்தாள். முதல் கட்டு போன மறுநாளே வங்காளிக் கடைக்காரர் வந்து நின்றார். “பஹுத் படா ஹை, தீதி” என்று, ரொம்பப் பெரிதாக இருப்பதைத் தாடையில் மாஸ்க்கைத் தொங்கவிட்டுக் காட்டினார். அண்ணனுக்கு அகன்ற முகம். அட்டையைச் சிறிதாக்கலாம் என்றேன். மதினி சம்மதிக்கவில்லை. நாடாவை இறுக்கிக் கட்டச் சொன்னாள்.

பிறகு மெஷினை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டாள். துறைமுகத்துக்கு இறங்கிப் போகிற ஆண்கள் முகத்திலெல்லாம் எங்கள் மாஸ்க், மேலே வெறும் கண்கள். மதினி பார்த்துக்கொண்டே இருப்பாள். நன்றாகச் சாப்பிட்டாள், பூ வைத்துக்கொண்டாள். தேறிவிட்டாள் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். ஒரு மத்தியானம் நூலைப் பல்லால் கடித்தபடி, “இன்னைக்கு அவுக ரெண்டு தடவ போனாக” என்றாள். அண்ணனைத்தான் சொல்கிறாள் என்று புரிந்து ஜன்னலை எட்டிப் பார்த்தேன்.

சில நாள் கழித்து, சரக்கு இறக்குகிறவர்களுக்கு மாஸ்க் கொடுக்க இருவரும் ஹேடோ துறைமுகத்துக்குப் போனோம். கேட்டருகே ஒருவர் நின்றிருந்தார். எல்லோருக்கும் தொளதொளத்த எங்கள் மாஸ்க் அவர் முகத்தில் அப்படியே பொருந்தியிருந்தது. மேலே அண்ணன் கண்கள். அவனைப் போலவே தலையைச் சாய்த்து எங்களையே பார்த்தார். “அண்ணே!” என்று கத்திவிட்டேன். ஆமாம், கத்தியது மதினி இல்லை, நான்தான். மதினி என் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் அவர் மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டார். முன்பின் தெரியாத யாரோ. “க்யா ஹுவா, பெஹன்?” என்று, என்ன ஆச்சு எனக் கேட்டார்.

மதினி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “எதுக்குட்டி கூப்ட்ட?” என்றாள். “நான் ஒருநாளும் கூப்ட மாட்டேன். கழட்டாத வரைக்கும் அவுகதான்.”

மறுநாள் தானாகவே ஆபீஸுக்குப் போய் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அதன்பின் அவள் மெஷினில் உட்காரவும் இல்லை, ஜன்னலோரம் போகவும் இல்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, எப்படியோ நல்லது நடந்தது என்றாள். அந்த நல்லதைச் செய்த பாவம் என்னை இன்னும் விடவில்லை. இப்போதும் யாராவது முகத்தை மூடிக்கொண்டு எதிரே வந்தால் நின்றுவிடுகிறேன். கூப்பிடுவதில்லை. அவன் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.