குவாபாரா கொடுத்த மன்னிப்பு

குவாபாரா தெய்ஜி பள்ளி பேண்டில் டிராம்போன் ஊதியவர். உதடு வீங்கி ஊத முடியாமல் போன ஒரு வாரம், சும்மா நிற்கிறானே என்று ஆசிரியர் அவர் கையில் பேண்டை நடத்தும் கோலைக் கொடுத்தார். அதோடு டிராம்போன் போயிற்று. டோக்கியோ இசைக் கல்லூரியில் படித்தார். இசைக்குழு நடத்துநர்களுக்கான போட்டிகளில் இரண்டு முறை தோற்றார். பெரிய நடத்துநர்கள் தாமதமாக வரும் நாட்களில் அவர்களுக்காக ஒத்திகையைத் தொடங்கி வைத்தே ஏழு வருடம் ஓட்டினார். நாற்பது வயதில், மட்சுயே நகரத்துக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருந்த கடலோர ஊரின் இசைக்குழு அவரைக் கூப்பிட்டது.

"சின்னதோ பெரிசோ, உங்களுக்குன்னு ஒண்ணு. கிளம்புங்க" என்றாள் மனைவி நோபுவே.

முப்பது வருடம் அங்கேயே இருந்தார். பள்ளிகளின் விளையாட்டுக் கூடங்களில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு, குளிரில் சுருதி இறங்கும் கொம்பு வாத்தியங்களைத் திட்டித் திட்டி, ஊரையே சிம்பொனி கேட்க வைத்தார். அந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் முதலில் வரும் வார்த்தை "பெருந்தன்மை". அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு உடம்பு கூசும்.

காரணம், 1986 டிசம்பர்.

வருடக் கடைசியில் ஊர்மக்கள் நூற்றெண்பது பேர் சேர்ந்து பாடும் பெரிய சிம்பொனி. முதல் மூன்று பகுதிகளுக்கும் பாடகர்கள் வாத்தியங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசிப் பகுதியில் நாற்காலி கிறீச்சிடாமல் ஒரே மூச்சில் எழ வேண்டும். அதற்கு அவருடைய இடது உள்ளங்கை மேல்நோக்கி நெஞ்சு வரை உயரும். அதுதான் சைகை. நாலு மாதம் பழக்கினார்.

"பக்கத்துல யாரு என்ன பண்றாங்கன்னு பார்க்காதீங்க. என் கையை மட்டும் பாருங்க. கையை நம்புங்க."

அன்றைக்கு மூன்றாம் பகுதியில் செல்லோ வாத்தியங்கள் மெலிந்து ஒலித்தன. இன்னும் கொஞ்சம் என்று கேட்க, இடது உள்ளங்கையைத் தூக்கினார்.

முன்வரிசையில் தாழ்குரல் பாடும் சுகிமோரி கசுவே எழுந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் நூற்றெண்பது பேரும் எழுந்துவிட்டார்கள். சத்தமே இல்லை. அவ்வளவு அழகாக ஒத்திகையில்கூட அவர்கள் எழுந்ததில்லை. திரும்ப உட்கார்ந்தால் நாற்காலிகள் கத்தும். ஆகவே அந்த மெதுவான இசை முடியும்வரை பதினோரு நிமிடம் பேசாமல் நின்றார்கள். அரங்கில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். தூக்கிய கை கீழே இறங்கும் முன்பே, அது தன் தவறு என்று குவாபாராவுக்குப் புரிந்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்து, கீழ்த்தளத்தில் பீர் விருந்து. விழாக்குழுத் தலைவர் கிளாசைத் தூக்கிக்கொண்டு கேட்டார்: "அது சரி, முதல்ல எழுந்தது யாரு? பசி தாங்கலையா?"

சிரிப்பு. கசுவே கிளாசைக் கீழே வைத்துவிட்டு இடுப்பு வரை வளைந்து வணங்கினாள்.

"நான்தான். எல்லாருக்கும் சிரமம் கொடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

எல்லாரும் குவாபாராவைப் பார்த்தார்கள். 'கை என்னுடையது' என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தார்.

"பரவாயில்ல, சுகிமோரி-சான். மேடைன்னா ஒண்ணு ரெண்டு நடக்கும். மனசுல வச்சுக்காதீங்க."

கைதட்டினார்கள். "சென்செய் மனசே மனசு!" என்று ஆசானைப் பார்த்து ஒருவர் கத்தினார். அவளிடம் தான் கேட்க வேண்டிய மன்னிப்பை, ஊரார் முன்னால் அவளுக்கே கொடுத்துவிட்டிருந்தார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் கசுவே பாட வரவில்லை. தன் கடையில் வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினாள். அந்த வருடத்திலிருந்து அவர் சைகையே வைத்துக்கொள்ளவில்லை. பாடகர்கள் கடைசிப் பகுதிக்கு முன்பு நடந்து வந்து நின்றார்கள். புதுமை என்று உள்ளூர்ப் பத்திரிகை புகழ்ந்தது. அந்தப் பக்கத்தை நோபுவே கத்தரித்து வைக்கப் போனபோது, "வேண்டாம், விடு" என்று எரிந்து விழுந்தார்.

சொல்லிவிடலாம் என்று ஆறு வருடம் நினைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நாள், கமாபோகோ எனும் மீன் கட்டிகள் விற்கும் கசுவேயின் கடைக்குப் போனார். அரைத்த மீனைப் பலகையில் அப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"சென்செய்யா! வெள்ளையா, சிவப்பா?"

"அன்னிக்கு… கையைத் தூக்கினது நான். செல்லோவுக்காக. நீங்க சரியாத்தான் எழுந்தீங்க."

அவள் கத்தியைத் துடைத்தாள். "தெரியுமே. நான் உங்க கையைத்தானே பார்த்துட்டிருந்தேன்? நூற்றெண்பது பேரும் பார்த்தாங்க."

"அப்புறம் ஏன் நீங்க…"

"நான் குனிஞ்சா, அடுத்த நிமிஷம் நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்." பலகையை ஓரமாகத் தள்ளினாள். "நீங்க மன்னிச்சுட்டீங்க. அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது? இப்பவும் பாருங்க, கடையில யாருமில்லாத நேரமாப் பார்த்து வந்திருக்கீங்க. நான் குனிஞ்சது அவங்க முன்னாடி."

அவர் எதுவும் வாங்காமல் வெளியே வந்தார். காது மடல்கள் கொதித்தன.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகையில், கோலை மேசையில் வைத்துவிட்டு, அன்று நடந்ததைப் பாடகர்களிடம் சொன்னார். நாலே வாக்கியம். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அதுவும் ஒரு தப்பித்தலாகிவிடும் என்று பயந்தார். பிறகு அன்று கசுவே வளைந்த அளவுக்கு வளைந்தார். நிமிர்ந்தபோது ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் மடியிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தனிகாவா, பின்வரிசையிலிருந்து தொண்டையைச் செருமினார்.

"சென்செய், எங்களுக்கும் தெரியும். அன்னிக்கு நாங்களும் வாயைத் திறக்காம பீரைத்தானே குடிச்சோம்?"

யாரும் சிரிக்கவில்லை. தாழ்குரல் வரிசையில் ஒருத்தி அழுதாள்.

ஒத்திகை முடிந்ததும் நாலைந்து பேர் கமாபோகோ கடைக்குப் போனதாகக் கேள்விப்பட்டார். என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் தகுதி தனக்கில்லை என்று தோன்றியது. கசுவே பாட வரவில்லை. ஆனால் டிசம்பர் நிகழ்ச்சியன்று மேடையேறும் முன், தனிகாவா அவர் காதருகே வந்து சொன்னார்:

"சுகிமோரி-சான் டிக்கெட் வாங்கியிருக்காங்க. வருவாங்களான்னு தெரியாது."

இசை முடிந்தது. குவாபாரா அரங்கின் பக்கம் திரும்பித் தலை வணங்கினார், வழக்கத்தைவிட வெகுநேரம். நிமிர்ந்தபோது விளக்குகள் கண்ணைக் கூசச் செய்தன. எதிரே கைதட்டும் இருட்டு மட்டும்தான் இருந்தது. கசுவேயும் அதில் இருக்கிறாளா என்று தெரியவில்லை. மறுபடியும் குனிந்தார்.