காது உடைந்த கோப்பிக் கோப்பை

என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் காது உடைந்த ஒரு கோப்பிக் கோப்பை இருக்கிறது. பழைய கோப்பிக்கடைகளில் தருவார்களே, வெள்ளைப் பீங்கானில் பச்சைப் பூப் போட்ட தடித்த கோப்பை, அந்த மாதிரி. காது இல்லாததால் அதில் எதையாவது குடிப்பதென்றால் இரண்டு கைகளாலும் ஏந்தித்தான் குடிக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "இத ஏன் இன்னும் வச்சிருக்கீங்க, தூக்கிப் போடலாமே" என்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். ஒரு கோழிக்குஞ்சு இதற்குள் உட்கார்ந்துதான் நிற்கக் கற்றுக்கொண்டது என்று சொன்னால், டீச்சருக்கு வேலைப்பளு மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு பாலர் பள்ளியில் நான் தமிழாசிரியை. அங்கே சமையல் செய்தவரை நாங்கள் எல்லாரும் லாத்தா என்றுதான் அழைப்போம். அவர்கள் வீட்டு வழக்கில் அக்காவுக்கு அதுதான் சொல். கீழக்கரையிலிருந்து வணிகத்துக்கு வந்த குடும்பம். ஆனால் லாத்தா பிறந்தது, படித்தது, பிள்ளை பெற்றது எல்லாம் இங்கேதான். ஈசூனில் என் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளி அவர் வீடு. காலையில் ஒரே ரயிலில் போவோம். வழியெல்லாம் நான் பேசுவேன், அவர் கேட்பார். நாலு பேர் பேசும் இடத்தில் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அதனால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். என் மடத்தனங்களில் அதுவும் ஒன்று.

ஆண்டுக்கு ஒருமுறை கிராஞ்சிப் பக்கமுள்ள ஒரு பண்ணையிலிருந்து முட்டைகளும், அவற்றைப் பொரிக்கும் கண்ணாடிப் பெட்டியும் பள்ளிக்கு வரும். மூன்று வாரம் பிள்ளைகள் பெட்டியையே சுற்றி வருவார்கள். குஞ்சுகள் வெளியே வந்து சில நாள் கழித்துப் பண்ணை வண்டி வந்து எல்லாவற்றையும் எடுத்துப்போகும். அந்த ஆண்டு ஒரு வியாழக்கிழமை நான்கு குஞ்சுகள் பொரிந்தன. ஐந்தாவது முட்டையில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள்ளிருந்து ஒரு முனகல். அது முட்டையோட்டை முழுதாக உடைத்துக்கொண்டு வர மறுநாள் காலையாகிவிட்டது. நனைந்த பஞ்சுத்துண்டு போல விழுந்து கிடந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் அதற்கு 'லாஸ்ட்டு' என்று பெயர் வைத்தார்கள். இருபது பிள்ளைகளுக்கும் அதன்மேல்தான் உயிர்.

அந்த ஞாயிறு பொது விடுமுறை. ஞாயிறில் வந்தால் இங்கே திங்களும் விடுமுறை, ஆகவே பள்ளி இல்லை. வண்டி செவ்வாய்தான் வரும். நான் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான்தான். அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்று தெரியும். நான்கே இரவு, அதுவும் என் சுண்டுவிரல் உயரக் கோழி என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வெள்ளி மாலை குஞ்சுகளோடு வீட்டுக்குப் போய் ஒரு மாளிகையே கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் காற்றுக்கு ஓட்டைகள், ஓரத்தில் ஒரு மேசைவிளக்கின் வெதுவெதுப்பு, தண்ணீர்த் தட்டில் குஞ்சு மூழ்காமலிருக்கக் கண்ணாடிக் குண்டுகள். எல்லாம் சரி. ஆனால் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் கிடைத்ததையெல்லாம் லேமினேட் செய்துவிடுவோம். பிள்ளைகள் வரைந்த பச்சைப் புல்வெளிப் படத்தைப் பெரிதாக ஒட்டி, லேமினேட் செய்து, அதையே பெட்டிக்குத் தரையாக விரித்தேன். எச்சம் விழுந்தால் ஒரு துடைப்பில் போய்விடும், பெற்றோருக்கு அனுப்பும் புகைப்படமும் அழகாக இருக்கும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலை மூடியைத் திறந்தபோது நான்கு குஞ்சுகள் விளக்கருகே நின்றன. லாஸ்ட்டு நிற்கவில்லை. வலக்கால் ஒரு பக்கம், இடக்கால் ஒரு பக்கம் என்று அகன்று, வயிறு தரையில் பட, புல்வெளிமேல் நீந்துவதுபோல் துழாவிக்கொண்டிருந்தது. எடுத்து நிறுத்தினேன். கால்கள் மறுபடி இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போயின. பண்ணைத் தம்பிக்குப் போன் செய்தேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், மரியாதையான பையன். "கால் விரிஞ்சிருச்சா டீச்சர்? அதத் தனியா எடுத்து வச்சிருங்க. செவ்வாக்கிழம நான் வந்து பாத்துக்கிறேன்" என்றார். என்ன பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. குரலிலேயே புரிந்துவிட்டது. அடுத்து என் கண்ணில் வந்து நின்றது செவ்வாய்க்கிழமைக் காலையும் அந்த இருபது முகங்களும்தான்.

யாரைக் கூப்பிடுவது? கோழி என்றதும் எனக்கு லாத்தா ஞாபகம் வந்ததற்குக் காரணம், வாரத்துக்கு மூன்று நாள் அவர் கோழி வெட்டுவார் என்பதுதான். வேறு தகுதி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. "நான் கோழிய ஐஸ்பெட்டிலதான் பாத்திருக்கேன்லா, உயிரோட ஒரு நாளும் தொட்டதில்ல" என்றார் போனில். ஆனாலும் கால் மணி நேரத்தில் கைப்பையோடு வாசலில் நின்றார். வந்தவர் குஞ்சைத் தொடவே இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஏதாவது செய்யுங்களேன் என்று வாய்வரைக்கும் வந்தது. அப்போதுதான் அவர் கையை உள்ளே விட்டு, என் அழகான புல்வெளிமேல் ஒரு விரலை வைத்து இழுத்தார். விரல் சறுக்கிக்கொண்டு போயிற்று.

"கால்ல ஒரு கோளாறும் இல்ல டீச்சர். தரைலதான் கோளாறு" என்றார். "நம்ம கிச்சன்ல எவர்சில்வர் மேசைமேல வெட்டுற பலகைய சும்மா வச்சா நிக்குமா? கீழ ரப்பர் விரிச்சாத்தான் நிக்கும். பலகையே நிக்கலன்னா இது எப்படிலா நிக்கும், பாவம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரு உயிர் முட்டையை உடைக்க ஒரு பகலும் ஒரு இரவும் போராடி வெளியே வந்திருக்கிறது. நான் அதற்குப் பளபளப்பான தரை போட்டு முடமாக்கியிருக்கிறேன், அதுவும் படத்தில் நன்றாகத் தெரியவேண்டும் என்று. இதை அவரிடம் சொல்லி அழுதேன். அவர், "அலமாரிக்கு விரிக்கிற ரப்பர் வலை இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. லேமினேட்டை எடுத்துச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, அந்த வலையை வெட்டிப் பெட்டிமுழுக்க விரித்தார். பிறகு கைப்பையிலிருந்து சமையற்கூடத்தில் கைவெட்டுக்குப் போடும் நீலப் பிளாஸ்திரியை எடுத்தார். சாப்பாட்டில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றுதான் சமையல்காரர்களுக்கு நீல நிறப் பிளாஸ்திரி. அதை நூலளவுக்குக் கிழித்து, லாஸ்ட்டின் இரண்டு கால்களையும் ஒரு விரற்கடை இடைவெளியில் சேர்த்து ஒட்டினார், கால் விலங்கு மாதிரி. வெங்காயத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் நறுக்கும் அந்தக் கைகள் இவ்வளவு மெதுவாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

கட்டிய பிறகும் அது குப்புற விழுந்தது. லாத்தா எழுந்துபோய் என் சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். கடைசியில் காது உடைந்த கோப்பிக் கோப்பையோடு வந்தார். அடியில் டிஷ்யூ வைத்து, குஞ்சை அதற்குள் இறக்கினார். சுற்றிலும் சுவர், விரிய இடமில்லை. கால்கள் உடம்புக்கு நேர்கீழே மடங்கி உட்கார்ந்தன. விளிம்புக்கு மேலே தலை மட்டும். "அரை மணி உள்ள, அரை மணி வெளிய" என்று சட்டம் போட்டார். இன்னொரு சட்டமும் உண்டு. வெளியே விட்டபோது அது தடுமாறியதும் என் கை தானாக நீண்டது. லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தூக்கிவிடாதீங்க. அதுவா எந்திரிக்கணும். நம்ம வேல தரை போடுறதோட முடிஞ்சுபோச்சு." மூன்று நாளும் காலையிலிருந்து மாலைவரை என் வீட்டில்தான் இருந்தார். தொழுகை நேரத்துக்கு மட்டும் உள்ளறைக்குப் போய் வருவார்.

திங்கட்கிழமை நண்பகல் வெயில் கூடத்தில் பாதிவரை வந்திருந்தது. மற்ற நான்கும் தீனியைக் கொத்திக்கொண்டிருந்தன. லாஸ்ட்டு ரப்பர் வலைமேல் வயிறு பட உட்கார்ந்திருந்தது. அதன் நகங்கள் வலையின் ஓட்டைகளுக்குள் நுழைந்து பிடித்தன. நான் அதைப் பார்த்தேன். ஊசிமுனை அளவு நகங்கள். பிறகு உடம்பு முழுவதும் நடுங்கியது, நடுங்கிக்கொண்டே எழுந்தது, எழுந்து நின்றது. அதற்கு என்ன எடை இருக்கும், ஒரு கைப்பிடிப் பச்சை மிளகாய் அளவு இருக்குமா? அந்த எடையைத் தன் இரண்டு குச்சிக் கால்களில் அது தாங்கி நிறுத்தியதைப் பார்த்தபோது என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகள் முதல் எழுத்தை எழுதியதைப் பார்த்தவள் நான், அப்படி ஒரு திகைப்பு எனக்கு வந்ததில்லை. லாத்தா "சுப்ஹானல்லா" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. ஓர் அடி, இரண்டு அடி, அப்புறம் தீனித்தட்டு. அங்கே போய் அண்ணன்மாரை இடித்துத் தள்ளிக்கொண்டு கொத்தியது. "பசிதான் பெரிய வாத்தியாரு போல" என்று நான் சொன்னதற்கு அவர் வெகுநேரம் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை பண்ணைத் தம்பி குஞ்சுகளை எண்ணினார். ஐந்து. ஐந்தும் ஓடின. ஒன்றின் காலில் ஒட்டியிருந்த நீலத் துணுக்கைப் பார்த்து, "யார் டீச்சர் கட்டுனது?" என்றார். சமையற்கூடத்தைக் காட்டினேன். அவர் போய் எட்டிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். லாத்தா கரண்டியோடு தலையாட்டிவிட்டுச் சோற்றைக் கிளறப் போய்விட்டார். என் லேமினேட் விஷயத்தை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நானே சொல்லியாயிற்று.

அவர் ஓய்வு பெற்று மகளோடு பொங்கோல் வட்டாரத்துக்குப் போய்விட்டார். போன மாதம் மகள் போன் செய்தார். லாத்தா கூடத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து பல வாரங்கள் ஆகிவிட்டனவாம். "டாக்டர் நடக்கலாம்னு சொல்லிட்டாரு டீச்சர். இவங்கதான் எந்திரிக்கவே மாட்டேங்குறாங்க. கால் போச்சுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. இப்படியே விட்டா படுக்கைதான்னு பயமா இருக்கு." அன்றே போனேன். புது வீடு. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது தரைதான். வெள்ளைப் பளிங்கு போன்ற பெரிய ஓடுகள், முகம் பார்க்கலாம் அவ்வளவு பளபளப்பு. அதன் நடுவே நாற்காலியில் லாத்தா, இரண்டு கால்களையும் ஒரு முக்காலிமேல் நீட்டிக்கொண்டு, நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தபடி. மூன்று நாள் என் வீட்டில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த மனுஷி. எதையோ சாக்குச் சொல்லிவிட்டுக் கீழே கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்து, நாற்காலியிலிருந்து சன்னல்வரைக்கும் அதே மாதிரி ரப்பர் வலையை நான்கு சுருள் விரித்து, ஓரங்களை ஒட்டுப்பட்டையால் ஒட்டினேன். லாத்தா பார்த்துக்கொண்டிருந்தார். "கால்ல ஒரு கோளாறும் இல்ல லாத்தா" என்றேன். அவர் முகம் மெல்ல மாறியது.

"என்னையக் கோழிக்குஞ்சு ஆக்கிட்டீங்களா டீச்சர்?" என்றார். "அந்தக் கோப்பையும் கொண்டாந்திருக்கீங்களாக்கும். நான் அதுக்குள்ள அடங்க மாட்டேன்லா."

கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். மகள் தேநீர் போடப் போனார். லாத்தா கோப்பையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கால்களை இறக்கி வெறும் பாதத்தை வலைமேல் வைத்தார். கால் விரல்கள் அதைப் பிடித்தன. பக்கத்தில் நின்ற 'வாக்கர்' நடைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு எழும்போது உடம்பு நடுங்கியது. என் கை தானாக நீண்டது. நானே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சன்னலுக்கு ஏழு அடி. போய்ச் சேர்ந்ததும், "டீய இங்க குடுங்க" என்றார். அந்தக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு கைகளாலும் ஏந்தி, வெளியே தெரிந்த கால்வாய் நீரைப் பார்த்தபடி, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். பாதி குடித்த பிறகுதான் மகள் கவனித்து என்னைப் பார்த்தார். நடைச்சட்டம் ஓரமாகத் தனியே நின்றிருந்தது.