டெல்சியின் அறுநூறு தட்டுகள்

ஊரில் எனக்கு விரோதி என்று யாரும் கிடையாது, டெல்சியைத் தவிர. புதுக்கடை சந்திப்பில் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பேப்பர் பிளேட், கப், கேரி கவர், மேசை விரிப்பு. கல்யாணமோ சாவோ, முதலில் என் கடைக்குத்தான் ஆள் வரும். பிளாஸ்டிக் தடை எல்லாம் வந்தது. பெட்டியின் மேலிருந்த பெயர் மாறியது, உள்ளே இருந்த சரக்கு மாறவில்லை. அப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவள் அவள். அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

டெல்சிக்கு நாற்பத்தாறு வயது. அண்டி ஆபீசில் வேலை. ஆபீஸ் என்றதும் வெளியூர்க்காரர்கள் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். கணவர் இறந்து ஒன்பது வருடம். வருகிற கூலி அந்தந்த வாரத்துக்கே சரியாகப் போகும். வீடு மாதா கோவிலுக்குப் பின்னால் தோட்டுக்கரையில். தோடு என்றால் ஓடை. அங்கே பதினோரு வீடுகள், எல்லாம் பள்ளத்தில்.

கோவில் திருவிழாவின் கடைசி நாள் சமபந்தி விருந்து. சாதி மதம் பார்க்காமல் இரண்டாயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வாழையிலை கட்டுப்படியாகாமல் போன பிறகு தட்டும் கப்பும் என் கடையிலிருந்துதான். சாப்பிட்டு எறிந்ததெல்லாம் பறந்து தோட்டில் விழும். சின்னப் பாலத்துக்கு அடியில் போய் அடைக்கும். அடுத்து ஐப்பசி மழை பிடிக்கும். வெள்ளம் போக வழியில்லாமல் அந்தப் பதினோரு வீட்டுக்குள்ளும் ஏறும். இதை வருடாவருடம் பார்த்திருக்கிறேன். மழையைத்தான் திட்டியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் முழங்காலளவு ஏறியது. பக்கத்து வீட்டு ஓமனாவின் ரேஷன் அரிசி முழுக்க நனைந்து போயிற்று. டெல்சி பாலத்துக்கு அடியில் இறங்கி, அடைத்துக் கிடந்ததை வாரி வாரி வெளியே போட்டாள். மறுநாள் காலை ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து, கல்லாவுக்கு முன்னால் கொட்டினாள். சாமான் வாங்க வந்தவர்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணா, இது நிங்களுக்க கடைச் சாமானான்னு பாத்துக்கிடுங்க."

"நான் விக்கத்தான் செய்வேன். தோட்டுல கொண்டு போடச் சொன்னனா?" என்று கத்தினேன்.

"சொல்லல்ல. இனி போடாம இருக்கதுக்கு நான் வழி பாக்கியேன்." சாக்கை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டாள். கோபத்தில் எனக்கு அன்று காலைச் சாயா இறங்கவில்லை.

எவர்சில்வர் தட்டு வாங்க அவளிடம் காசு ஏது? ஆனால் ஊரில் ஒருவர் கண்ணிலும் படாத ஒன்று அவள் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் அன்பளிப்பு கொடுத்தால், கொடுத்தவர் தன் பெயரை அதில் வெட்டித்தான் கொடுப்பார். கொடுத்தது யார் என்று பேரன் பேத்திக்கும் தெரிய வேண்டுமே! அப்படி வந்த தட்டும் தம்ளரும் பெட்டி பிரிக்காமல் வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கும். டெல்சி முதலில் தன் வீட்டிலிருந்த பதினாலு தட்டை இறக்கினாள். பிறகு ஓமனாவைக் கூட்டிக்கொண்டு, வேலை விட்டு வந்த கையோடு வீடு வீடாக ஏறினாள். சும்மா கிடப்பதைத் தாருங்கள், ஊருக்கு ஆகட்டும் என்றாள். பெண்கள் தந்தார்கள். சிலர் கணவனிடம் சொல்லாமலே தந்தார்கள்.

இரண்டு வருடத்தில் அறுநூறு தட்டு சேர்ந்தது, அதற்குத் தக்க தம்ளரும். சாவு வீடு, ஞானஸ்நானம், புதுவீட்டுப் பால்காய்ப்பு, யார் கேட்டாலும் வாடகை கிடையாது. கழுவித் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். இல்லாதப்பட்டவர்கள் என் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். நான் எரிச்சலில் அவளுக்குத் தட்டுராணி என்று பட்டப்பெயர் வைத்தேன். ஊர் அதையே மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

சென்ற வருடம் திருவிழாக் கமிட்டிக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள். சமபந்திக்குத் தன்னிடமுள்ள தட்டே போதும் என்றாள். கமிட்டியில் நானும் உண்டு.

"அறுநூறு தட்ட வச்சு ரெண்டாயிரம் பேருக்கு எப்படி? நீ கழுவி முடிக்கதுக்குள்ள ஜனம் அடுப்பையே தின்னுரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பங்குத்தந்தை மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தடவை செய்து பார்ப்போம் என்றார். கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது: என் சரக்கும் கட்டுக்கட்டாகப் பந்தலில் தயாராக இருக்கும். ஒரு பந்தி நின்றுபோனாலும் கட்டை அவிழ்த்துவிடுவோம். அதற்கப்புறம் டெல்சி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. நிபந்தனையை எழுதியது நான்தான். டெல்சி சரி என்று தலையாட்டினாள். மழைக்கு அதிக நாள் இல்லை, அவளுக்கு வேறு வழியும் இல்லை.

விருந்தன்று நாற்பது பேரோடு வந்தாள். எல்லாம் அண்டி ஆபீஸ் பெண்கள். வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்துப் பழகிய கைகள். ஒருத்தி மிச்சத்தை வாளியில் தட்டினாள்; அது தோட்டுக்கரை வாழைகளுக்கு உரம். அடுத்தவள் தேய்த்தாள், அடுத்தவள் அலசினாள், அவளுக்கு அடுத்தவள் வெந்நீரில் முக்கினாள், கடைசியில் இருந்தவள் துடைத்து அடுக்கினாள். இருநூறு தட்டு பந்தியில், இருநூறு தொட்டியில், இருநூறு அடுக்கில். ஊர்க்கதை பேசிக்கொண்டேதான் செய்தார்கள், கை மட்டும் நிற்கவில்லை. நான் கட்டுகளுக்குப் பக்கத்தில் கத்தியோடு நின்றேன். முதல் பந்தி போனது. இரண்டாவது, மூன்றாவதும் போனது.

நான்காவது பந்தியில்தான் மாட்டியது. ரப்பர் வெட்டுகிற அல்போன்ஸ் தன் தட்டைப் பார்த்தார். 'அன்பளிப்பு: ஜெஸ்பின்' என்று வெட்டியிருந்தது. ஜெஸ்பின் அவருடைய சொந்தத் தம்பி. எல்லைச் சுவர்த் தகராறில் பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதே ஜெஸ்பின் அந்தப் பந்தியில் சோற்று வாளியோடு நின்றான்.

"அவனுக்க பேரு போட்ட தட்டுல நான் திங்கணுமா?" அல்போன்ஸ் எழுந்துவிட்டார்.

உடனே வரிசை முழுக்க ஆளாளுக்குத் தட்டைத் திருப்பிப் பெயர் பார்க்கத் தொடங்கினார்கள். "ஏலே, இது எனக்க மச்சான் பேரு, எனக்கு வேண்டாம்" என்றார் ஒருவர். "அப்ப அத எனக்கு மாத்தித் தா மக்கா" என்றார் இன்னொருவர். பரிமாறுகிறவர்கள் வாளியோடு விழித்தார்கள். பந்தி நின்றுவிட்டது. கமிட்டிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கத்தியைக் கட்டின் கயிற்றில் வைத்தேன்.

டெல்சி ஈரக்கையோடு ஓடி வந்து தட்டை வாங்கிப் பார்த்தாள். எந்தத் தட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவளுக்கு மனப்பாடம்.

"அண்ணா, இது நிங்களுக்க தட்டுல்லா?"

"எனக்க தட்டா? அவனுக்க பேரு கெடக்கது கண்ணு தெரியல்லியா?"

"அது தந்த ஆளுக்க பேரு. நிங்களுக்க கல்யாணத்துக்கு ஜெஸ்பின் தந்த தட்டு. நிங்களுக்க வீட்டுப் பரண்ல இருந்து அண்ணிதான் எடுத்துத் தந்தாவ. இருவத்தஞ்சு வருசம் வீட்டுல வச்சிருந்திய, ஒரு நேரம் அதுல சோறு தின்னா என்னவாம்?"

பந்தியே வெடித்துச் சிரித்தது. அல்போன்சின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நிபந்தனையை நினைவுபடுத்த எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது; நானும் சிரித்துக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை. அல்போன்ஸ் தட்டைப் பார்த்தார், டெல்சியைப் பார்த்தார், மெல்ல உட்கார்ந்தார். ஜெஸ்பின் வந்து அந்தத் தட்டில் சோறு போட்டான். அல்போன்ஸ் போதும் என்று கையை நீட்டித் தடுக்கவில்லை, ஜெஸ்பினும் ஒரு கரண்டி கூடவே போட்டான்.

அதற்கப்புறம் பந்தி ஓட்டமாக ஓடியது. பத்தாவது பந்தியில், கழுவிய நாற்பது பேரும் உட்கார, பங்குத்தந்தையே பரிமாறினார். யாரும் தட்டுக்காகக் காத்து நிற்கவில்லை. என் கட்டு ஒன்றுகூட அவிழவில்லை. கோவில் முற்றத்தில் பொறுக்குவதற்கு ஒரு கப் கிடையாது. ஜெயித்தாள், முழுசாக ஜெயித்தாள்.

பத்தாம் நாள் மழை பிடித்து மூன்று நாள் விடாமல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் தோட்டுக்கரைப் பெண்கள் வேலைக்குப் போக முடியாமல், வீட்டில் நின்று வெள்ளம் இறைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் கடையைத் திறக்கிறேன், குடையும் சோற்றுப் பாத்திரமுமாக அத்தனை பேரும் அண்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். டெல்சி முன்னால் நடந்தாள்.

"அண்ணா, வீட்டுல தரை காய்ஞ்சு கெடக்கு. நம்பிக்கை இல்லேன்னா போய்ப் பாருங்க. சாவி ஓமனாவுக்க மகள்ட்ட உண்டு."

போனேன். பாலத்துக்கு அடியில் செம்மண் நிறத்தில் வெள்ளம் தடையில்லாமல் பாய்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை, ஓமனாவின் மகள் வந்து கதவைத் திறந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தேன். வெளியே அப்படி ஒரு மழை, உள்ளே தரை காய்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். டெல்சி படுத்த பாயைச் சுருட்டாமல் தரையிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள்.