“ஒண்ணுமில்லக்கா” என்று தொடங்கும் விபத்துகள்

கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துச் செய்தி கேட்கிற வேலை எனக்கு. தமிழில் பேசுபவர்களின் அழைப்பெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இதுவரை ஒருவரும் “விபத்து” என்று ஆரம்பித்ததில்லை. “ஒண்ணுமில்லக்கா…” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த “ஒண்ணுமில்ல” எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு பம்பர் நசுங்கியிருக்கும். என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறவர். அதனால் ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் குரல் யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பேன். வீட்டில் வண்டி ஓட்டுகிற ஆள் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

உறவாகிப்போன மோதல்

சிராங்கூன் ரோட்டில் ஒரு தம்பியின் காரை எதிரே வந்த கார் உரசிவிட்டது. இரண்டு பேரும் கோபமாகத்தான் இறங்கியிருக்கிறார்கள். இறங்கியவர்கள் சண்டையை எந்த மொழியில் போடுவது என்று யோசித்த இடத்தில் இருவரும் தமிழ் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் எந்த ஊர், யார் பிள்ளை என்று போய், பக்கத்துக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் டீயே குடித்துவிட்டார்கள்.

போட்டோ இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்று அனுப்பினார். தோள்மேல் கைபோட்டுக்கொண்டு இரண்டு பேரும் சிரிக்கிற போட்டோ. காரைக் காணோம். அவர் கார் நம்பர், போன் நம்பர் ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டதற்குத் தம்பி நிதானமாகச் சொன்னார்: “எதுக்குக்கா? அவரு பொண்ணு கல்யாணப் பத்திரிகை அனுப்புறேன்னிருக்காரு. அதுல அட்ரஸ் வந்துரும்.”

பொட்டு வைத்த கார்

சுவா சூ காங்கில் ஓர் அம்மா காரைத் தூணில் இடித்துவிட்டார். பழுது பார்ப்பவர் படங்களைப் பார்த்து அலறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். முன்பக்கமெல்லாம் சிவப்பாக இருக்கிறதே, அடிபட்ட ஆள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேட்டார். உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

விசாரித்தால், அம்மா காரைக் கழுவி, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கார் இடிபட்ட இடத்துக்குத் தாராளமாகக் குங்குமம் பூசிவிட்டுத்தான் படம் எடுத்திருக்கிறார். இடித்த கையோடு முதலில் படம், சாமியெல்லாம் அதற்கு அப்புறம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. “போட்டோ எடுக்கிறப்ப பொட்டில்லாம எப்படிம்மா நிப்பாட்டுறது?”

யாராவது ஒருவர்

பிடோக்கில் கடை வைத்திருக்கும் நாகூர்க்காரர் ஒருவர். தங்கமான மனிதர். சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த அவருடைய காரைப் பின்னால் வந்தவர் இடித்தார். இறங்கிப் போய் இவர் ஸாரி சொல்லியிருக்கிறார். சும்மா இருப்பாரா அந்த ஆள், தப்பு தன்னுடையது என்று இவரே ஒத்துக்கொண்டதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

காருக்குள் வைத்திருந்த கேமரா பதிவு எங்களைக் காப்பாற்றியது. அதற்கப்புறமும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. நின்ற காரில் உட்கார்ந்திருந்த நீங்கள் எதற்கு ஸாரி சொன்னீர்கள் என்று கேட்டேன். “அந்தப் புள்ள மூஞ்சி வெளிறிப் போச்சு தங்கச்சி. யாராச்சும் ஒருத்தர் சொல்லணுமில்ல?”

சாப்பிட்டியா?

ஒருநாள் சாயங்காலம் நான் பயந்துகொண்டே இருந்த அந்தக் குரல் வந்தது. “ஒண்ணுமில்ல கவி… சாப்பிட்டியா?” கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. “ஒண்ணுமில்லன்னா என்னங்க ஒண்ணுமில்ல?” என்று கத்திவிட்டேன்.

கேலாங்கில் குறுக்கே வந்த சைக்கிள்காரருக்காக வேனை ஒடித்து ரோட்டோரத் தடுப்புக் கம்பியில் இடித்திருக்கிறார். சைக்கிள்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை. படம் எடுத்தாயிற்று, சாட்சி சொல்ல ஆளும் உண்டு. நான் தினமும் வீட்டில் புலம்புவது வீண்போகவில்லை. தன் உடம்பைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. மீதிக் கடைகளுக்குக் காய் போட்டுவிட்டு வருகிறாராம். ஸ்டியரிங்கைப் பிடித்த கையில்தான் அடி விழும் என்பது நான் கேட்டுக் கேட்டுப் பழகிய சங்கதி. போனை வலது கைக்கு மாற்றுங்கள் என்றேன். “இடது கையிலயே இருக்கட்டுமே” என்றார். வண்டியை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மணிக்கட்டில் விரிசல். அந்தக் கையோடு இன்னும் நாலு இடம் ஓட்டியிருந்தால் அப்புறம் ஸ்டியரிங்கே பிடிக்க முடியாமல் போயிருக்கும் என்றார் டாக்டர். கட்டுப் போட்டு வீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். ஆறியதும் பழையபடி ஓட்டலாம். எனக்கு அழுகையும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் பக்கத்து மேசைச் சீனப் பெண் மெய் லிங்கிடம் இதையெல்லாம் சொன்னேன். தமிழ் தெரியாவிட்டாலும் வருஷக்கணக்கில் என் அழைப்புகளைக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறவள். அவள் ஆச்சரியப்படாமல் இங்கிலீஷில் சொன்னாள்: “நேத்து நீ போன்ல ‘ஒண்ணுமில்ல’ன்னு கத்தினப்பவே தெரிஞ்சிடுச்சு லா. தமிழ்ல ஆக்சிடென்ட்டுக்கு அதுதானே வார்த்தை?”

அகராதியைக் காட்டி அவளைத் திருத்தலாம்தான், ஆனால் எங்கள் மேசையைப் பொறுத்தவரை அகராதிதான் தப்பு.