அசையாத கும்பிடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், கோயமுத்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசைக்காரர். யார் ஏறினாலும் தலை தாழ்த்திக் கும்பிட்டார். மடியில் மண்டை எக்ஸ்ரேயும், மருந்து ஏற்றி எடுத்த மூளைப் படமும் இருந்தன. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால்தான் கட்டி எங்கே என்று சரியாகத் தெரியுமாம். அவருடைய படங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

“ஏனுங்க?” என்றேன்.

“படம் புடிக்கறப்போ தலைய அசைக்கக் கூடாதுன்னாங்க. நடுவுல பெரிய டாக்டர் வந்தாருங்க. படுத்துட்டே இருந்தா மரியாதைங்களா? எந்திரிச்சுக் கும்பிட்டுப்போட்டனுங்க.” குரல் இறங்கியது. “மறுக்கா வரச் சொல்லீட்டாங்க. ஊட்ல எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றதுங்க?”

அவர் இறங்கும்போது நான் கும்பிட்டேன். ஆஸ்பத்திரியில் சொன்னது நினைவுக்கு வந்ததோ என்னவோ, தலையை அசைக்காமல் கைகளை மட்டும் குவித்தார். அந்த மரியாதைக் குறைவுக்கும் அவர் முகம் கூசியது.