அப்பாவின் ரத்தப் பரிசோதனையும் டின் மார்ஜரினும்

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று ஈப்போ நகரில் ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். நெய்யை நிறுத்தச் சொன்ன டாக்டர், வேண்டுமானால் டின்னில் விற்கும் தாவர எண்ணெய் மார்ஜரின் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை மட்டும் அம்மா கிளினிக்கிலேயே விட்டுவிட்டு வந்தார்.

சிலிபினில் எங்கள் வீட்டிலிருந்த நெய் பக்கத்து வீட்டுக்குப் போனது. தோசைக்கு மார்ஜரின், பருப்புக்கு மார்ஜரின், தீபாவளி நெய்யுருண்டைக்கும் மார்ஜரின். நெய் ஒரு கரண்டி விழுந்த இடத்தில் இது மூன்று கரண்டி. மருந்துதானே!

"என்னாம்மா இது, மெழுகுவத்தியத் தின்ன மாதிரி இருக்கு?" என்பார் அப்பா.

"உசுரோட இருக்கணும்னா தின்னுங்க," என்பார் அம்மா.

அப்பா சுங்கை சிப்புட் ஊருக்கு லாரி ஓட்டினார். வழியில் நெய்த்தோசை தின்பார் என்பது அம்மாவின் சந்தேகம். பள்ளி விடுமுறை முழுவதும், பத்து வயதுப் பெண்ணான என்னைக் காவலுக்கு லாரியில் ஏற்றிவிட்டார். சாப்பாட்டுக் கடைக்காரர் நெய்க் கரண்டியைத் தூக்கினாலே அப்பா தட்டைக் கையால் மூடிக்கொள்வார்.

"வேணாம்லா அண்ணே. வீட்டுலேர்ந்து போலீஸ் வந்திருக்கு, பாருங்க."

"பெத்த மவளே போலீஸா? அப்ப ஒனக்கு ஜாமீன் கெடைக்காதுலா!"

அடுத்த பரிசோதனையில் அளவு இன்னும் ஏறியிருந்தது.

"எங்க தின்னீங்க?" அம்மா விடவில்லை.

"எத்தன தடவ சொல்றது? எங்கயும் தின்னல. பிள்ளையக் கேளு!"

அப்பா நெய்யைத் தொடவே இல்லை என்றேன்.

"போறப்ப வர்றப்ப எல்லாம் முழிச்சிக்கிட்டே இருந்தியா?"

"திரும்பி வர்றப்ப கொஞ்சம் தூங்கிட்டேன்மா."

வழக்கு அதோடு முடிந்தது. அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கிய அந்தக் காலத்து மார்ஜரினில் டிரான்ஸ் கொழுப்பு இருந்தது, அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்ல கொலஸ்ட்ராலை இறக்கும் என்பதெல்லாம் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அப்பாவின் அளவு ஏறியதற்கு அது மட்டுமே காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவர் பொய் சொல்லவில்லை என்று மட்டும் இப்போது சொல்ல முடியும்.

அந்த விசாரணை நாளிலிருந்து அம்மா நான்காவது கரண்டி மார்ஜரினும் போட்டார். அப்பா குறை சொல்வதை விட்டுவிட்டார். தலை குனிந்து, போட்டதையெல்லாம் தின்றார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் பேசாமல் சாப்பிடுவார்கள் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.